முதலில் வடியுங்கள், பிறகு ஊற்றுங்கள்: ஒன்ராறியோ ஏரியில் பாய்ப்படகு வைத்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைமாருக்கு,

வணக்கம். செப்டம்பர் பாதி கடந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கிளப்புகளிலும் மரினாக்களிலும் கிரேன் வரும் தேதியை ஒட்டிவிடுவார்கள். அக்டோபர் முடிவதற்குள் ஏரிக்கரையில் பெரும்பாலான படகுகள் கரையேறிவிடும். மறுபடி இறங்குவது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான். கரையேற்றும் அவசரத்தில் யாரும் நீளமான மடல் படிக்க மாட்டார்கள், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஸ்காபரோவின் பிளஃபர்ஸ் பார்க், பிக்கரிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் பே என்று கிழக்குக் கரையில் எங்கே போனாலும் இப்போது நம்மவர்களின் குரல் கேட்கிறது. சந்தோஷம். பெரும்பாலும் நீங்கள் வாங்குவது பழைய படகு. 1970களிலும் 80களிலும் இதே மாகாணத்தில் கட்டிய சி அண்ட் சி, பிராம்ப்டனில் கட்டிய சிஎஸ் போன்றவை. உறுதியானவை, விலையும் கைக்கு எட்டும். வயிற்றுக்குள் ஒரு சின்ன டீசல் எஞ்சின் இருக்கும்: யான்மார், வோல்வோ பென்டா, யுனிவர்சல், வெஸ்டர்பீக் இப்படி ஏதோ ஒன்று. படகை விற்றவர் கிளம்பும்போது, "குளிர்காலத்துக்கு முன் பிங்க் ஆன்டிஃப்ரீஸ் ரெண்டு மூன்று கலன் ஊற்றினால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆன்டிஃப்ரீஸ் என்பது குளிரில் உறையாமல் காக்கும் திரவம்.

அந்த ஒரு வரியை மறக்கச் சொல்லத்தான் இந்த மடல். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அதில் இருக்கிற அரை உண்மைதான் ஒவ்வொரு வசந்தத்திலும் எஞ்சின்களை உடைக்கிறது. குளிர் இரும்பை உடைப்பதில்லை. இரும்புக்குள் தேங்கிய தண்ணீர் உடைக்கிறது. ஆகவே உங்கள் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவது அதற்குப் பிறகு, மிச்சம் மீதிக்காக.

நம்மில் பலர் கடலோடு பிறந்தவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன கதையை நம் வீடுகளில் சொல்லிக் கேட்டிருப்போம். வள்ளத்தைப் பற்றி இந்த ஊர்க்காரர் நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற எண்ணம் எனக்கும் உண்டு. ஆனால் ஊரில் நம் கைக்குப் பழகியது பின்னால் தொங்கும் அவுட்போர்ட் எஞ்சின். அதைத் தண்ணீரை விட்டுத் தூக்கி நேராக நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். அதற்கேற்றபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். இங்கே நாம் வாங்கும் டீசல் எஞ்சினோ படகின் அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. குழாய்கள் மேலும் கீழும் வளைந்து போகின்றன. படகை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினாலும் அதற்குள் இருக்கும் தண்ணீர் தானாக வெளியே வராது. ஊர் அனுபவம் உள்ளவர்கள் ஏமாறுவது சரியாக இந்த இடத்தில்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை: "ஒன்ராறியோ ஏரியே உறைவதில்லையே, பிறகு என்ன பயம்?" ஏரி முழுக்க உறைவது அரிதுதான். ஆழமான இடத்தில் 244 மீட்டர் ஆழம், அத்தனை தண்ணீரும் கோடையின் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அந்தச் சூடு தண்ணீரில் கிடக்கும் படகுக்குத்தான் உதவும். கரையேற்றித் தாங்குசட்டத்தில் நிறுத்திய படகைச் சுற்றி வெறும் காற்று. ரொறன்ரோவில் ஜனவரிக் குளிர் அலை ஒன்று மைனஸ் 20 டிகிரியைத் தொட்டால் உங்கள் எஞ்சினும் மைனஸ் 20ஐ நோக்கித்தான் போகும். தண்ணீரில் மிதக்கும்போது தப்பித்துக்கொண்ட எஞ்சின், கரையேறிய சில நாளிலேயே முதல் கடும் உறைபனியில் மாட்டிக்கொள்வது இதனால்தான். கிரேன் வந்த பிறகு "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். மூடிய இடத்தில் அந்த விரிவுக்கு வார்ப்பிரும்பு ஈடுகொடுக்காது, வெண்கலமும் ஈடுகொடுக்காது. எஞ்சின் பக்கவாட்டில் தகரத் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும் அடைப்புகளைக் காட்டி, "உறைந்தால் இது தெறித்து பிளாக்கை (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலை) காப்பாற்றும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை வார்ப்பு வேலையின்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட ஓட்டைகளின் மூடிகள். சில நேரம் தெறிக்கும், சில நேரம் அதற்கு முன்பே பிளாக் பிளந்துவிடும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகை, ஏரித் தண்ணீரையே எஞ்சின் பிளாக்குக்குள் சுற்றவிட்டுக் குளிர்விக்கும். இன்னொரு வகையில் பிளாக்குக்குள் காரில் இருப்பது போன்ற கூலன்ட் மூடிய சுற்றாக ஓடும். ஏரித் தண்ணீர் வெப்பமாற்றி வழியாக மட்டும் வந்து அந்தக் கூலன்டின் சூட்டை வாங்கிக்கொண்டு புகைபோக்கிக் குழாயில் வெளியே போகும். யான்மாரின் பழைய ஜிஎம் வரிசையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. 2ஜிஎம்20 என்று மட்டும் இருந்தால் ஏரித் தண்ணீர் வகை, பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் கூலன்ட் வகை. 1ஜிஎம்10 என்ற ஒற்றை சிலிண்டர்க் குட்டி எஞ்சினும் பெரும்பாலும் ஏரித் தண்ணீர் வகையாகத்தான் இருக்கும். ரேடியேட்டர் மூடி மாதிரி ஒன்று எஞ்சின் மேல் இருக்கிறதா என்று பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

கூலன்ட் வகை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். மூடிய சுற்றில் எத்திலீன் கிளைக்கால் கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஆனால் முந்தைய உரிமையாளர் கோடையில் குறைந்தபோதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கக்கூடும். ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது திரவம் எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் சின்னக் கருவி, வாங்கி ஒரு துளி எடுத்துப் பாருங்கள். ஏரித் தண்ணீர் ஓடும் பக்கம், அதாவது வடிகட்டி, பம்பு, வெப்பமாற்றி, புகைபோக்கி முழங்கை, இவற்றில் வழக்கமாகத் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) குறுக்கிடாது. அதனால் அங்கே திரவம் வந்த வழியே முழுக்க ஓடிவிடும்.

ஏரித் தண்ணீர் வகைதான் ஏமாற்றும். இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள், இந்த மடலில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

பிளாக்குக்கு மேலே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். ஏரித் தண்ணீர் வகை யான்மாரில் அது சுமார் 42 டிகிரியில்தான் திறக்கத் தொடங்கும். (கூலன்ட் வகையில் இது 71 டிகிரி. ஏரித் தண்ணீரில் கரைந்த உப்புகள் சூட்டில் படிந்துவிடக் கூடாது என்பதற்காக இதைக் குளிர்ச்சியாகவே ஓடவிடுகிறார்கள்.) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், பம்பு உறிஞ்சும் தண்ணீரின் பெரும்பகுதி பிளாக்குக்குள் போகாமல் பக்கக் குழாய் வழியாக நேரே புகைபோக்கி முழங்கைக்குப் போய் வெளியே கொட்டிவிடும். இப்போது கரையில் நிற்கும் படகில், குளிர்ந்த எஞ்சினை இயக்கி, வாளியில் இருக்கும் பிங்க் திரவத்தை உறிஞ்சவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பின்பக்கத்தில் அழகாகப் பிங்க் நிறம் வரும். எல்லாரும் கைதட்டுவார்கள். பிளாக்குக்குள்ளோ கோடையின் ஏரித் தண்ணீர் அப்படியே இருக்கும்.

சூடாக்கிவிட்டு உறிஞ்சவிட்டால் சரியாகிவிடாதா? பாதி சரியாகும். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த திரவம் பாய்ந்தவுடன் தெர்மோஸ்டாட் மறுபடி மூடிக்கொள்ளப் பார்க்கும். உங்களிடம் இருப்பது ரெண்டு மூன்று கலன்தான். எட்டு பத்து லிட்டர் திரவத்தைப் பம்பு உறிஞ்சித் தீர்க்க அதிக நேரம் ஆகாது. உள்ளே போனதும் இருந்த தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போயிருக்கும். பின்பக்கம் வரும் நிறத்தை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துத்தான் செய்வித்தார். பிங்க் நிறம் வந்ததை அவரே கண்ணால் பார்த்தார். மே மாதம் எஞ்சினை இயக்கிக் கொஞ்ச நேரத்தில் ஆயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறியது. பிளாக்கில் வெடிப்பு. ரசீதில் "விண்டரைஸ்" (குளிர்காலத்துக்குத் தயார் செய்தல்) என்ற ஒரே ஒரு வார்த்தையும் அதன் பக்கத்தில் ஒரு தொகையும்தான் இருந்தன. என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்று வாதாட அதில் ஒன்றுமே இல்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். படகு தண்ணீரில் இருக்கும்போதே, கிரேன் வருவதற்கு முன், எஞ்சினை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். அந்தச் சூட்டோடு ஆயிலை மாற்றுங்கள். படகு கரையேறியதும் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். புகைவழித் தொகுதியில் தனியாக ஒரு வடிகால் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். எது எங்கே இருக்கிறது என்று எஞ்சின் கையேட்டில் படம் போட்டிருக்கும். பழைய கையேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. திருகைத் திறந்தீர்கள், தண்ணீர் வரவில்லை. "சரி, ஏற்கெனவே வடிந்துவிட்டது" என்று மூடிவிட்டுப் போகாதீர்கள். நாற்பது வருட எஞ்சினில் துருவும் சேறும் அந்தச் சின்னத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு கம்பியை விட்டுக் கிளறுங்கள். அடைப்பு விட்டவுடன் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வரும்போது நான் சொல்வது புரியும். கிளறியும் வராவிட்டால் திருகையே முழுசாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கீழே ஒரு பாத்திரம் வைத்து எவ்வளவு வந்தது என்று அளந்துகொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே அளவு வருகிறதா என்று ஒப்பிடலாம்.

வடித்த பிறகுதான் ஆன்டிஃப்ரீஸ். தெர்மோஸ்டாட்டின் மூடியை இரண்டு மூன்று போல்ட் கழற்றித் திறந்து, தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்துவிட்டு, மூடியைப் போட்டு எஞ்சினை இயக்கி உறிஞ்சவிடுங்கள். அல்லது வடிகாலை மூடிவிட்டு அந்த மேல்வாய் வழியாகவே பிளாக்குக்குள் நேரே ஊற்றுங்கள். நான் விரும்புவது இரண்டாவது வழி, உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். முடிந்ததும் வடிகாலை ஒரு நொடி திறந்து வருவதைப் பிடித்து ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். பிங்க் திரவம் புரோப்பிலீன் கிளைக்கால். பல ரிஃப்ராக்டோமீட்டர்களில் அதற்குத் தனி அளவுகோல் இருக்கும். எத்திலீன் கோட்டில் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள்.

கலன் மேலே கொட்டை எழுத்தில் "மைனஸ் 50" என்று அச்சடித்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது குழாய் வெடிக்காமல் தாங்கும் எல்லை. அந்தச் சாதாரண வகை மைனஸ் 10, 12 டிகிரியிலேயே கூழாகத் தொடங்கிவிடும். கூழ் விரிந்தாலும் நகர இடம் இருந்தால் உடைக்காது, அதுதான் கணக்கு. இந்த எல்லையும் கலப்பில்லாத திரவத்துக்கு மட்டுமே. உள்ளே தங்கிய தண்ணீர் பாதி, பிங்க் பாதி என்றால் அந்த அச்சுக்கு அர்த்தமே இல்லை. எஞ்சினுக்கு மைனஸ் 100 என்று விற்கும் வகையை வாங்குங்கள், விலை வித்தியாசம் ஒரு எஞ்சினோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. மலிவாக விற்கும் சில வகைகளில் எத்தனால் கலந்திருக்கும். அது தீப்பிடிக்கக்கூடியது, ரப்பருக்கும் நல்லதல்ல. கலனைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்.

காருக்குப் போடும் பச்சை எத்திலீன் கிளைக்காலை ஏரித் தண்ணீர் பக்கத்தில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அருள்கூர்ந்து வேண்டாம். அது நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிப் பார்த்துச் சாகும். வசந்தத்தில் எஞ்சினை இயக்கிய முதல் நிமிடத்தில் அத்தனையும் ஏரிக்குள் போகும். ரொறன்ரோவில் நாம் குழாயில் பிடித்துக் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான். பிங்க் திரவத்தைக்கூட இறக்கும் நாளுக்கு முன்பே கரையில் வைத்து ஒரு வாளியில் பிடித்துவிடுவது நல்லது.

இம்பெல்லரை, அதாவது தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரத்தை, கடைசியாகக் கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். குளிர்காலம் முழுக்க மடங்கியபடி கிடந்தால் இதழ்கள் அதே வளைவில் நின்றுவிடும். இதழ் ஏதாவது குறைகிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் உடைந்த துண்டு போன வழியில் எங்கோ, பெரும்பாலும் வெப்பமாற்றியின் வாயில், சிக்கிக் கிடக்கிறது. தேடி எடுத்தாக வேண்டும்.

புகைபோக்கி வழியில் இருக்கும் நீர்ப்பூட்டுத் தொட்டியை மறந்துவிடுவார்கள். எஞ்சின் நின்றதும் குழாயில் மிச்சம் இருக்கும் தண்ணீர் அதில்தான் வந்து தேங்கும். அடியில் ஒரு வடிகால் மூடி இருக்கும், கழற்றி விடுங்கள். இன்னொன்று, எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றினால் பம்பு தள்ளும் தண்ணீரும் திரவமும் இந்தத் தொட்டியை நிரப்பி, பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் பிடிக்கவில்லை என்றால் உள்ளே வரும் வழியை மூடிவிட்டு யோசியுங்கள்.

ஆயிலை வசந்தத்தில் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். இலையுதிர்காலம்தான் சரியான நேரம். எரிந்த டீசலின் அமிலமும் ஈரமும் கலந்த பழைய ஆயிலில் பேரிங்குகள் ஆறு மாதம் ஊறிக் கிடக்க வேண்டாமே. புது ஆயில் ஊற்றியபின் ஒரு நிமிடம் ஓட்டினால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். கியர்ப் பெட்டி ஆயிலையும் எடுத்துப் பாருங்கள். அது வெளுத்திருந்தால் எங்கோ தண்ணீர் புகுகிறது.

டீசல் தொட்டியை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா என்பது படகுக்காரர்கள் பியர் குடித்துக்கொண்டு சண்டை பிடிக்கும் விஷயம். நான் நிரப்பும் கட்சி. ஈரக்காற்றுக்கு உள்ளே இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது என்பது ஒரு காரணம். ஒன்ராறியோவில் விற்கும் டீசலில் உயிரி எரிபொருளும் கலப்பார்கள், அது ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும் என்பது இன்னொன்று. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் கறுப்புக் கசடாகக் கிருமிகள் வளரும். எது எப்படியோ, முதல் வடிகட்டியின் கீழே இருக்கும் கிண்ணத்தில் சேர்ந்த தண்ணீரை வடித்தே தீர வேண்டும். அது உறைந்தால் கிண்ணமே வெடித்துவிடும்.

பேட்டரி பற்றி ஒரு வரி. முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமில பேட்டரி மைனஸ் 50லும் உறையாது, தீர்ந்துபோனது மைனஸ் 7, 8லேயே உறைந்து பிளந்துவிடும். லித்தியம் வைத்திருப்பவர்கள் பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் பண்ணாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போவது உத்தமம்.

எஞ்சின் உடைந்தால் பணம்தான் போகும். சீகாக் உடைந்தால் படகே போய்விடும். படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரவும் வெளியே போகவும் இருக்கும் வால்வுகளைத்தான் சொல்கிறேன். இப்போது பெரும்பாலும் பந்து வகை. அதை மூடும்போது பந்தின் நடுத்துளையில் இருந்த தண்ணீர் அங்கேயே சிறைப்பட்டுவிடும். படகு கரையேறிவிட்டது, வால்வும் மூடியிருக்கிறது, எல்லாம் பத்திரம் என்று நினைப்பீர்கள். ஜனவரியில் அந்த ஒரு கரண்டித் தண்ணீர் உறைந்து வால்வின் உடலில் மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். கரையில் அது கண்ணுக்குத் தெரியாது. மே மாதம் கிரேன் இறக்கி, நீங்கள் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு மெல்லக் கசியத் தொடங்கும். கரையேறிய படகில் எல்லா சீகாக்கையும் திறந்து வடியவிடுங்கள். இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் பந்துக்குள் இருப்பதும் போய்விடும். அப்புறம் திறந்தே வையுங்கள். இறக்கும் நாளில் கிரேனின் பட்டை படகைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பட்டையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். கிரேன்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சுக்கானுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கும். பழைய படகுகளில் இது ஏறக்குறைய நிச்சயம். கரையேறிய பிறகு சுக்கானின் அடிப்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கீழே சின்னதாக ஒரு துளை போட்டு வடியவிட்டு, வசந்தத்தில் எப்பாக்ஸியால் அடைத்துக்கொள்ளலாம். துளை போட மனசு வராதுதான். ஆனால் உள்ளே உறைந்தால் சுக்கானின் இரண்டு பக்கமும் தையல் விட்டுப் பிரியும். படகின் அடியில் இருக்கும் கனமான கீலும் உடலும் சேரும் இடத்தில் முன்பக்கம் ஒரு வெடிப்புக் கோடு தெரிந்தால் அதிலும் தண்ணீர் இருக்கும். சி அண்ட் சிக்காரர்கள் அதைச் சிரிப்பு என்று கேலியாகச் சொல்வார்கள். சிரிப்பு ஒவ்வொரு வருடமும் அகலமாகிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டும்.

இந்தப் படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. கம்பித் தூண்களின் அடியிலும் கப்பிகளின் அடியிலும் கசிந்து உள்ளே போன தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து அடுக்குகளைப் பிரிக்கும். ரொறன்ரோவின் குளிர்காலம் ஒரேயடியாக உறைந்து கிடப்பதில்லை. ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் மைனஸ் 15 என்று மாறி மாறி வரும், அதனால் இந்த உடைப்பு ஒரு தடவையோடு நிற்காது. மூடுதுணி போடுவது இதற்காகத்தான். காற்று போய்வர இரண்டு முனையிலும் வழி விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பின்தளத்தின் வடிகால்களில் இலை அடைத்திருந்தால் உருகும் பனி முழுக்கத் தேங்கி அறைக்குள் இறங்கும்.

மூடுதுணியின் கயிற்றைப் படகைத் தாங்கும் முட்டுக்கால்களில் மட்டும் கட்டாதீர்கள். காற்றில் துணி துள்ளும்போது முட்டுக்காலும் கூடவே நகரும். ஒரு முட்டு விழுந்தால் உங்கள் படகு பக்கத்துப் படகின் மேல் சாயும், அது அடுத்ததன் மேல். கயிற்றைப் படகின் அடியால் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய்க் கட்டுங்கள்.

குடிநீர்த் தொட்டி, சுடுநீர்க் கலன், கழிவறை இவற்றுக்கும் அதே விதிதான்: முதலில் வடித்தல். சுடுநீர்க் கலனை வடித்துவிட்டு, உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் நேரே இணைத்துவிட்டால் இருபது லிட்டருக்கு மேல் பிங்க் திரவம் மிச்சமாகும். கழிவுத் தொட்டியைப் படகு தண்ணீரில் இருக்கும்போதே மரினாவின் உறிஞ்சு நிலையத்தில் காலி பண்ணிவிடுங்கள். கரையேறிய பிறகு ஞாபகம் வந்தால் வசந்தம் வரை அதோடுதான் குடித்தனம்.

இதையெல்லாம் கையால் செய்ய நேரமில்லை, மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன் என்பவர்களுக்கு. கொடுங்கள், தப்பில்லை. சில காப்புறுதி ஒப்பந்தங்கள் தொழில்முறையில் செய்ததற்கு ரசீது கேட்கும், உறைவால் வரும் சேதத்தையே சில ஒப்பந்தங்கள் விலக்கியிருக்கும். உங்களுடையதை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது சில கேள்விகள்தான். பிளாக்கை வடித்தீர்களா, எவ்வளவு வந்தது? தெர்மோஸ்டாட்டை என்ன செய்தீர்கள்? கடைசியில் பிளாக்கிலிருந்து எடுத்த திரவம் எத்தனை டிகிரி காட்டியது? இந்தப் பதில்களை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், அவர் ஏற்கெனவே அதைக் குறித்து வைத்திருப்பார். கோபப்படுபவரிடம் படகைக் கொடுக்க வேண்டாம்.

உங்களிடம் நான் வேறொன்றும் கேட்கிறேன். கோடையில் நாம் ஒரே மேசையில் கோழி சுட்டுச் சாப்பிடுகிறோம், அக்டோபரில் மட்டும் ஆளுக்கொரு மூலையில் எஞ்சின் குழிக்குள் தலைகீழாகத் தொங்குகிறோம். இந்த வருடம் பக்கத்துப் பக்கத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை ஒதுக்குவோம். ஒருவர் கீழே வடிகாலைப் பிடிக்க, இன்னொருவர் மேலே ஊற்ற, மூன்றாமவர் பின்பக்கத்தில் வாளியோடு நிற்க, வேலை பாதி நேரத்தில் முடியும். ரிஃப்ராக்டோமீட்டர் எல்லாருக்கும் ஒன்று போதும். முதல் வருடக்காரரின் படகில் தொடங்குவோம். பழகியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவரே தன் கையால் திருகைத் திறக்கட்டும். பெண்களை "நீங்கள் தேநீர் போடுங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். எஞ்சின் குழிக்குள் நுழைய நம்மில் பல ஆண்களின் வயிறு இடம் கொடுக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

வேலை முடிந்த கையோடு ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி எஞ்சின் சாவியில் கட்டிவிடுங்கள்: இம்பெல்லர் கழற்றியிருக்கிறது, எங்கே வைத்திருக்கிறது, தெர்மோஸ்டாட் வெளியே இருக்கிறதா, எந்தெந்த சீகாக் திறந்திருக்கிறது, நீர்ப்பூட்டுத் தொட்டியின் மூடி எங்கே. ஆறு மாதம் கழித்து உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. கிரேன் இறக்கும் நாளில் சாவியைத் திருப்பப்போவது நீங்களாக இல்லாமல் உங்கள் மகனாகவோ மகளாகவோகூட இருக்கலாம்.

அன்புடன்,
கிழக்குக் கரையில் படகு வைத்திருக்கும் உங்களில் ஒருவன்